கறுப்பு நாடா

கல்வராயன் மலையில், சுட்டெரிக்கும் சித்திரை வெயிலில், வெள்ள மீட்பு ஒத்திகை நடந்தது. அடிபட்டவர்களாக நடிக்க ஊரே முண்டியடித்தது. இறந்தவருக்கான கறுப்பு நாடாவைக் கையில் கட்டிக்கொண்டு பிணமாகப் படுக்கத்தான் ஆளில்லை.

"உசுரோட இருக்கசொல்ல கறுப்பு நாடாவா? வேணாங்க சிஸ்டர்" என்று கையை இழுத்துக்கொண்டாள் ராணியம்மாள்.

நர்ஸ் செவ்வந்தி சாமை வைக்கோலில் பொம்மை செய்து, அதன் கையில் அந்த நாடாவை முடிந்து, வெள்ளைத் துணி போர்த்தி ஆம்புலன்சில் ஏற்றினாள்.

சிகிச்சைக் கூடாரத்தில் இறக்கும்போது தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது. "வைக்கோலு இன்னா கனம் கனக்குது!" என்று சிரித்தார்கள்.

பின்னாலேயே டிரைவர் வேடியப்பன் வந்தான், அக்குளில் பொம்மையை இடுக்கிக்கொண்டு. "இத்த வண்டியிலயே வுட்டுட்டு வந்துட்டீங்களே, சிஸ்டர்?"

செவ்வந்தி ஸ்ட்ரெச்சரைத் திரும்பிப் பார்த்தாள். துணிக்கு வெளியே ஒரு கை தொங்கியது. அவள் முடிந்த கறுப்பு நாடாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.