அப்பாவின் கல்

கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் பெயர்த்துப் போட்டிருந்த தன் அப்பாவின் கல்லை, கல்தச்சர் ஜெபக்குமார் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். லோடு ஆட்டோ கிருஷ்ணனும் அவரும் கடப்பாரையால் நெம்பி வாசலில் இறக்கினார்கள்.

"செத்தவங்க கல்ல வூட்ல வைக்கலாமாண்ணா?"

"எழுத்து வெட்டினதும் தோட்டத்துக்கே போயிடும்பா."

"பழைய பேர அழிக்க மெஷின் எடுத்தாரட்டுமா?"

"வேணாம். 'ஆபேல்' அப்டியே இருக்கட்டும்."

"நைனா மேல அவ்ளோ பாசமா?" என்று சிரித்துவிட்டுக் கிருஷ்ணன் போனார்.

ஜெபக்குமார் வருஷங்களை மட்டும் கொத்தி அழித்தார். புதிதாக வெட்டக் கை எழவில்லை.

மனைவி தபிதாள் வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"தாத்தா பேரையே நம்ம புள்ளைக்கு வச்சோம். அத உங்க கையால வெட்டுற கொடுமையாவது இல்லாம போச்சு. வருஷத்த வெட்டுங்க. பொறந்தது ரெண்டாயிரத்துப் பதினாலு."