கைராசிக்காரி

உயிருள்ள கிருமி சர்க்கரையை எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளும். அந்தச் சர்க்கரையில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்துக் கொடுத்தால், நுண்ணோக்கியில் சுவர் பச்சையாக மின்னும். கொதிக்கவைத்துக் கொன்ற கிருமி எதையும் கட்டாது, இருட்டாகவே கிடக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படிக் கொன்று வைப்பதுதான் ஆய்வகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளின் வேலை.

திங்கட்கிழமை அவள் கொன்று வைத்த கிருமிகள் மின்னின.

"குழாயை மாத்தி வச்சுத் தொலைச்சீங்களா?" என்று பேராசிரியர் எரிந்து விழுந்தார். மறுநாள் அவரே கொதிக்கவைத்தார்; இருட்டு. புதன்கிழமை அவர் கண்ணெதிரிலேயே அக்கா ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தாள், பச்சை. அவர் அவளைக் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள். "உங்களுக்கு என்ன கைராசிக்கா! நீங்க தொட்டா செத்ததுகூட எழுந்து உக்காருதே!"

அக்காவும் சிரித்து வைத்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் மகளின் நுரையீரலில் புகுந்ததும் இதே கிருமிதான். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் பிள்ளையின் கையை இந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அது சில்லிட்ட பிறகும் விடவில்லை.