கன்னத்து கிரீஸ்

"கன்னத்துல இன்னும் கொஞ்சம் தடவுப்பா, போட்டோவுல தெரியணும்," என்றார் தொழிலதிபர் கிருபாகரன். சென்ட் மணக்கும் அந்தக் கன்னத்தில் மெக்கானிக் ஜுல்ஃபிகர் கிரீஸைத் தடவினான்.

நசரத்பேட்டை ஹோட்டலில் பழங்காலக் கார் பந்தயத்தின் பரிசளிப்பு விழா.

மேடையில் கிருபாகரன் உருகினார். "நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல கோடீஸ்வரங்களே ஊர் விட்டு ஊர் ரேஸ் ஓட்டினாங்க. ஓட்டுறவனுக்கு இந்த அழுக்குதான் மெடல்."

கைதட்டல் வாசல்வரை கேட்டது. அங்கே ஜுல்ஃபிகரைக் காவலாளி மறித்தார்.

"இன்னா நைனா, இம்மாம் அழுக்கோட உள்ள போவக் கூடாது."

பெங்களூரிலிருந்து எட்டு மணி நேரம் கிருபாகரனின் பந்தயக் காரை ஓட்டிவந்த ஜுல்ஃபிகர், பின்னாலேயே ஏசி காரில் தூங்கிக்கொண்டு வந்தவர் கோப்பை வாங்குவதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தான்.

"கொழா எங்க கீது அண்ணாத்தே? அந்தாளு மூஞ்சிய தொட்ட கைய கழுவணும்."