கிச்சாப்பின் பிடிவாதம்

“பதினோரு நாளாச்சு லா, நீங்க இந்தப் பக்கம் ஓடி வந்து!”

எடைக் கொட்டகையிலிருந்து விமலன் எட்டிப் பார்த்துக் கத்தினான். கையில் பிஸ்கட் டின் தயாராக இருந்தது. எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு லோரிகள் வர இன்னும் நேரமிருந்தது.

காலை ஓட்டத்தில் வந்த துளசியின் கால்கள் வழக்கமான இடத்தில் தாமாகவே வேகம் குறைந்தன. நிற்பதா, அப்படியே ஓடிவிடுவதா என்று தெரியவில்லை. இன்று நிற்பதற்குக் காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

“எங்க நம்ம ஹீரோ? பின்னால வர்றானா?”

“கிச்சாப் வரல.”

“வீட்டுல கட்டிப்போட்டுட்டு வந்துட்டீங்களா? பாவம் லா அவன்.”

“இல்ல. செத்துட்டான். தூக்கத்துலயே. ஒம்பது வயசு.”

விமலன் டின்னை மெல்லக் கீழே வைத்தான். சோயா சாஸைப் போல அப்படியொரு கறுப்பு நாய். மலாயில் கிச்சாப் என்றால் சோயா சாஸ்; அதனால்தான் அந்தப் பெயர். அவள் கையில் சுற்றியிருந்த, கிச்சாப்பைப் பிடித்து வரும் சிவப்புக் கயிறு இப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

“கயித்த இன்னும் வச்சிருக்கீங்க.”

“நேத்து வீட்டுக்கிட்ட வெறுங்கையோட ஓடிப் பார்த்தேன். உடம்பு ஒரு பக்கமா சாயுது.”

விமலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான். அதற்குள் அவளும் சிரித்துவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“காலையில அலாரம் அடிக்குது. முன்னெல்லாம் அது அடிக்கிறதுக்குள்ள அவனே வந்து போர்வையை இழுத்துருவான். என் போன்ல அலாரம் என்ன சத்தம் போடும்னு இப்பத்தான் தெரியுது.”

“என்ன பிடிவாதம் அவனுக்கு!” என்றான் விமலன். “இவ்ளோ பெரிய எஸ்டேட்ல, சொல்லி வச்ச மாதிரி என் கொட்டக முன்னால வந்து உக்காருவான். நீங்க கயித்த வெடுக் வெடுக்குன்னு ரெண்டு இழுப்பு இழுப்பீங்க. ம்ஹூம்! அசையவே மாட்டான்.”

“ஆமா.”

“ஒரு நாளு மழையே கொட்டுது. அப்பவும் எந்திரிக்கல. நீங்க வேற வழியில்லாம உள்ள வந்து மைலோ குடிச்சீங்க. அன்னைக்குத்தான் உங்க குரலையே கேட்டேன்.”

துளசி தன் காலணியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா கூட ஏசுனாங்க. ‘நாய்க்குப் பிஸ்கட் போட்டுப் பழக்கி வச்சிட்ட. ரவாங் வரைக்கும் வேலைக்குப் போற பிள்ள, உன்னால தெனமும் லேட்டாவுது’ன்னு.”

“அவனுக்குப் பிஸ்கட் பிடிக்காது.”

“என்னங்க சொல்றீங்க? ஒரு வருசமா வாங்கித் தின்னானே!”

“வாயில வாங்கிக்குவான். அந்த முக்கு திரும்புனதும் துப்பிருவான்.”

“அடப்பாவி! அப்புறம் எதுக்குத்தான் இங்க வந்து உக்காந்தான்?”

தூரத்தில் முதல் லோரியின் ஹாரன் கேட்டது. விமலன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

“சரி, இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல. சுங்கை செம்பிலாங் பக்கம் கடலோரமா புதுப் பாதை போட்டிருக்காங்க. நல்ல காத்து. லோரித் தொல்லையும் இல்ல. நீங்க அந்தப் பக்கமே ஓடலாம்.”

பேச்சு உற்சாகமாகத்தான் இருந்தது. முகம்தான் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

துளசி தலையாட்டினாள். நான்கடி ஓடினாள். நின்றாள். இப்போது போனால், நாளை இங்கே நிற்க முடியாது. திரும்பி வந்தாள். காது மடல் சுட்டது.

“கிச்சாப் பிடிவாதக்காரன் இல்ல.”

“பின்ன?”

“சொன்ன பேச்ச அப்படியே கேக்குறவன்.”

அவள் கயிற்றின் நுனியைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இரண்டு முறை இழுத்துக் காட்டினாள்.

“இப்படி ரெண்டு தடவ இழுத்தா உக்காரணும்னு, கோழி ஈரல் குடுத்து அவனப் பழக்குனதே நான்தான்.”