ஒன்பது நிமிட ஆடு

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் விருதுக் குழு இரண்டு கட்சியானது. கடைசி வரிசையில் இயக்குநர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்த விருதும் கைநழுவினால் மாமனார் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

“ஒரு ஆடு ஒன்பது நிமிஷம் பேப்பர் மெல்லுது. இதெல்லாம் படமா?” என்று வெடித்தார் வக்கீல்.

“ஆடுதான் அதிகாரம், பேப்பர்தான் சட்டம். வக்கீலுக்கே புரியலைன்னா எப்படி?” என்றார் பேராசிரியர்.

“சரி, முடிவு எங்கே? பாதியில நிக்குதே!”

“முடிவை நம்ம கையில விட்டுட்டார். அதுதான் கலை.”

ஓட்டு சரிபாதியாக விழுந்தது. குழுத் தலைவி இயக்குநரிடம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க சார், அந்த ஆடு என்ன?”

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். “பேராசிரியர் என் மனசைப் படிச்சுட்டார்.”

தலைவியின் ஓட்டும் விழுந்தது. விருது கிடைத்தது.

படியிறங்கும்போது கேமராமேன் காதைக் கடித்தார். “சார், அன்னைக்குச் சாப்பிடப் போறப்ப கேமராவை அணைக்க மறந்தது நான். அந்த நேரத்துல, இருந்த ஒரே க்ளைமாக்ஸ் பேப்பரையும் ஆடு தின்னுடுச்சு. எழுதின உங்களுக்கே முடிவு ஞாபகம் வராம, அதை அடிக்கத் துரத்தினீங்களே!”

“மெதுவாப் பேசுய்யா” என்றார் இயக்குநர். “அடுத்த படத்துக்கு முழுக் கதையையும் அது முன்னால வச்சுடலாம்.”