வடக்குக் குகை

கிரேக்க நாட்டு அலோனிஸோஸ் தீவின் படகுத்துறையில் ஆர்கிரோ கேட்டாள்: "சுற்றுலாக்காரங்களை வடக்குக் குகைக்கு மட்டும் ஏன் கூட்டிட்டுப் போறதில்ல?"

"பாறை சரியுது," என்றான் அவள் கணவன் ஸ்டாமாத்திஸ்.

"நீ மட்டும் தினமும் போறியே, உன் தலையில சரியாதா?"

அவன் கயிற்றைச் சுருட்டினான். முந்தின நாள் அவன் தொலைபேசியில் கிசுகிசுத்ததை அவள் கேட்டிருந்தாள்: "குழந்தை பொறந்தாச்சு. தாயும் பிள்ளையும் சுகம். என் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது."

மறுநாள் தன் அண்ணனின் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு அவனைப் பின்தொடர்ந்தாள். இத்தனை வருட வாழ்க்கை அந்தக் குகை இருட்டில் முடிந்துவிடும் என்றே நினைத்தாள்.

உள்ளே கூழாங்கல் மேட்டில் ஒரு கடல்நாய் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு கருப்புக் குட்டி பால் குடித்தது.

"சத்தம் போடாதடி," என்றான் ஸ்டாமாத்திஸ். "கடல்நாய்க் காப்பகத்துக்கு மட்டும்தான் போன்ல சொல்லியிருக்கேன். வலையைக் கிழிக்குதுன்னு உன் அண்ணன் துப்பாக்கியோட இதைத்தான் தேடுறான். உன்கிட்ட சொன்னா அவன்கிட்ட சொல்லிடுவியேன்னு பயம்."

மாலையில் அண்ணன் கிழிந்த வலையோடு வந்தான். "என் படகுல வடக்குக் குகைக்குப் போனியாமே? அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. பாறை சரியுது."

அவன் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தான். ஆர்கிரோ கண்ணை எடுக்கவில்லை.