கோட்டுக்கு வெளியே ஒரு வீடு

"என் வீட்டை வெட்டிடும்மா. கோட்டுக்கு வெளிய தள்ளிடு."

ஃப்ளோரன்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆரணிக் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை, தனித்தனிக் கோயிலோடு இரண்டு பங்குகளாகப் பிரிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, வரைபடம் போடும் அவளுடைய சின்ன ஆபீசில் ஒரே கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் "எங்களைப் பழைய கோயில்லயே வைம்மா" என்று கெஞ்சியவர்கள்தான். வெளியே போகிறேன் என்று வந்து நின்ற முதல் ஆள் இன்னாசியம்மாள்.

திரை முழுக்க மஞ்சள் புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு குடும்பம். கால்வாயை ஒட்டிச் சிவப்புக் கோடு. வெட்டினால் கோட்டுக்குள் இருப்பவை மட்டும் மிஞ்சும். மற்றவை புதுப் பங்குக்குப் போய்விடும்.

"ஓரத்து வீட்டுக்காரங்களைக் கேட்டுத்தான் போடச் சொல்லியிருக்காங்க அத்தே. ஆனா நீங்க முப்பது வருஷமா பீடத்துக்குப் பூ வச்சிகினு இருக்கீங்களே!"

"இனிமே வேற யாராவது வைக்கட்டும்."

"கமிட்டில யாராவது பேஜார் பண்ணாங்களா?"

"அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல. நீ வெட்டு."

"மாமா கல்லறை இங்கதானே இருக்கு? நாளைக்கு அவர் பக்கத்துல உங்களுக்கு இடம் தரமாட்டாங்க அத்தே."

இன்னாசியம்மாளின் கண் கலங்கிவிட்டது. பாவம், அதை அவள் யோசிக்காமலா இருந்திருப்பாள்?

"அவரு புரிஞ்சிப்பாரு" என்றாள்.

"ஆன்சன்கிட்ட கேட்டீங்களா?"

"எங்க கேக்கறது? வருஷத்துக்கு ரெண்டு நாள் வர்றான். சோத்துல கைய வச்சா போன் வந்துடுது, ஜல்தியா கிளம்பிடறான். அவன் வயிறார சாப்பிட்டு நான் பாத்து ஒம்பது வருஷம் ஆவுது. ஒத்தப் பிள்ளைம்மா. வீட்ல ஆளில்லாம மனசு அடிச்சிக்குது."

"அவர் வேலை அப்படி. ஊர் ஊரா மாத்திகினே இருப்பாங்க."

"அதான் வெட்டச் சொல்றேன்."

ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் ஃப்ளோரன்ஸ் கோட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டு வெட்டினாள். பட்டு இழை சுற்றிக் காய்த்துப்போன விரலால் இன்னாசியம்மாள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் புள்ளி அங்கே இல்லை.

"இப்ப நான் வேற பங்குதானே?"

"ஆமாங்க அத்தே."

இன்னாசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப பிஷப்புக்கு நல்லதா ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. சொந்தப் பங்குல போடக் கூடாதுன்னுதானே என் பிள்ளை ஃபாதர் ஆன்சனை இந்தக் கோயிலுக்கு அனுப்ப மாட்டேன்னாரு!"